தறிக்காரர் மகள் ஜவுளி படிக்கக் கூடாதா?

சோமனூர் ஐயாவுக்கு வணக்கம்.

கபடியில் முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்து, தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்திய பிறகு, "என் உடம்பிலிருந்தே ஏன் எடுக்க வேண்டும், புதிதாகச் செய்து வைக்க முடியாதா?" என்று மருத்துவரிடமே கேட்டிருக்கிறாள் உங்கள் மகள். கெட்டிக்காரி. அதற்காக அவளை பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்கில் சேர்க்கிறேன், ஜவுளி மட்டும் வேண்டாம், தறிச் சத்தம் என்னோடு போகட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

செயற்கைத் தசைநார்கள் பல, சட்டைத் துணிக்கு ஓட்டுகிற அதே பாலியெஸ்டர் வகைதான். பிரான்சில் உருவான லார்ஸ் பட்டையைப் பாருங்கள். எலும்புத் துளைக்குள் நிற்கும் பகுதியில் நீள இழையும் உண்டு, குறுக்கிழையும் உண்டு. மூட்டுக்குள் வரும் நடுப்பகுதியில் நீள இழைகள் மட்டும் சற்று முறுக்கி விடப்பட்டிருக்கும். உங்கள் பேச்சில் சொன்னால், அங்கே வெறும் பாவு; ஊடை கிடையாது. கால் மடங்கித் திரும்பும்போது இழைகள் ஒன்றையொன்று அறுக்கக் கூடாது, இடைவெளியில் உடம்பின் திசு புகுந்து வளர வேண்டும் என்பது கணக்கு. இதை விளங்கிக்கொள்ள உங்கள் மகளுக்கு ஐந்து நிமிடம் போதும். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு பருவம் ஆகும்.

கணக்கு எப்போதும் பலித்ததில்லை. கோர்-டெக்ஸ் என்ற இன்னொரு செயற்கைத் தசைநாருக்கு அமெரிக்காவில் 1986இல் அனுமதி கிடைத்தது. 1993இல் சந்தையை விட்டே போய்விட்டது. இப்படி வந்த செயற்கைத் தசைநார்கள் பலவற்றில் எலும்பு விளிம்பில் உரசி இழை தேய்ந்தது, உதிர்ந்த துகள்கள் மூட்டை வீங்க வைத்தன. உயிருள்ள நாண் தேய்ந்த இடத்தைத் தானே மெல்லச் சரிசெய்துகொள்ளும். செயற்கை இழைக்கு அது தெரியாது. எனவே தொடையில் கை வைத்த மருத்துவர் செய்தது சரிதான். மகள் கேட்டதும் சரிதான், அது இன்னும் தீராத கேள்வி.

இனி படிப்பு. பயோமெடிக்கல் மோசமில்லை. ஆனால் பல கல்லூரிகளில் அது ஈசிஜி, ஸ்கேன், சென்சார் என்று மின்னணுவியல் பக்கமே சாய்ந்திருக்கிறது. முடித்தவர்களில் பலர் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கப் போகிறார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில், மருத்துவ ஜவுளிக்கென்று தனி மையம் இருக்கிறது. ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பம் முடித்து, மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடி டெல்லியில் இழை, ஜவுளித் துறை இருக்கிறது. ஆராய்ச்சி என்று வந்தால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம். அவர்கள் உருவாக்கிய இதய வால்வை 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதயத்தோடு சேர்த்துத் தைக்க அதைச் சுற்றியிருக்கும் வளையமும் பாலியெஸ்டர் துணிதான்!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செயற்கைத் தசைநாரை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. அறுவைத் தையல் நூல், குடலிறக்க வலை, செயற்கை ரத்தக்குழாய் எல்லாம் அதன் பங்காளிகள். சம்பளம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். பட்டம் முடித்தவுடன் கைநிறைய வேண்டும் என்றால் இது அந்த வழி இல்லை. மேற்படிப்பு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இழுவிசை சோதனை இயந்திரம் எங்கே, கடைசியாக எப்போது ஓடியது என்று ஆய்வகத்தில் கேளுங்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை உறுதி செய்யும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வரிசையை மகளே எழுதட்டும்.