பெங்களூரு ஆர்டரும் பாப்பாவின் வேலையும்: காரிமங்கலத்து அப்பா ஒருவருக்கு

அண்ணா, நீங்கள் அனுப்பியதை நிதானமாகப் படித்தேன். பாப்பா பி.காம் கடைசி வருஷம். ஓசூர் கம்பெனி ஒன்றில் 16,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு தன் அம்மா, நம் அண்ணியோடு சேர்ந்து சத்துமாவு வியாபாரத்தைப் பெரிதாக்கப் போகிறேன் என்கிறாள், பெங்களூரு கடை ஒன்று மாதம் 150 கிலோ கேட்கிறது, அதற்காக 4 லட்சம் கடன் வாங்கி, மீதிக்கு நகையை வைத்து ஷெட் போடலாமா என்று வீட்டில் தினமும் பேச்சு. அவளை எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம் அண்ணா. இருபது வயதில் சரக்கு செய்து, விற்று, பணம் வசூலித்துப் பழகிய பிள்ளைகள் என்னிடம் வருவதே அபூர்வம். ஆனால் அவள் உங்களுக்குக் காட்டிய கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. அதுதான் கூலி.

அவள் எழுதியபடியே பார்ப்போம். கிலோ 320 ரூபாய்க்கு விற்கிறார்கள். ராகி, பயறு, நிலக்கடலை, பாதாம், ஏலக்காய் எல்லாம் சேர்த்து 130 ரூபாய், மில் கூலி 12, கவரும் லேபிளும் 15. ஆக 157 போக 163 ரூபாய் நிற்கிறது, மாதம் 60 கிலோ விற்பதால் 9,780 ரூபாய் லாபம் என்கிறாள். சரி. ராகியை ஊறவைத்து, முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, மில்லுக்குத் தூக்கிப்போய், சலித்து, எடைபோட்டு, சீல் வைப்பது யார்? அண்ணியும் பாப்பாவும் ஆளுக்கு 4 மணி நேரம், மாதத்தில் 18 நாள். அதாவது 18 முழு ஆள்நாள். உங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை 400 ரூபாய்க்குக் கூப்பிட்டாலும் 7,200 ரூபாய் ஆகிறது. அதைக் கழித்தால் மீதி 2,580 ரூபாய்தான். அந்த 9,780-ல் முக்கால் பங்கு அண்ணியின் முதுகுவலிக்கும் பாப்பாவின் தூக்கத்துக்கும் கிடைத்த சம்பளம், வியாபாரத்தின் லாபம் இல்லை.

60 கிலோ அளவில் இது பெரிய குறை கிடையாது. வீட்டில் இருந்தபடியே அந்தக் காசு வருகிறதே, அதுவே நல்ல விஷயம். 150 கிலோ என்று போகும்போதுதான் சிக்கல். கூடுதலாக வேண்டிய 45 ஆள்நாளை வீட்டு ஆட்களால் கொடுக்க முடியாது, வெளியாள் வைத்தே ஆகவேண்டும். 60 கிலோவுக்கு 7,200 என்ற அதே கணக்கில் கிலோவுக்குக் கூலி மட்டும் 120 ரூபாய். பெங்களூரு கடைக்காரர் கொடுப்பதாகச் சொல்லும் விலை 240. அதில் சரக்குச் செலவு 157 போனால் 83 ரூபாய், கூலி 120 கொடுத்தால் கிலோவுக்கு 37 ரூபாய் கையிலிருந்து போகிறது. மாதம் 5,550 ரூபாய் நஷ்டத்துக்காக ஷெட் போடுவதா? மெஷின் வந்தால் கூலி குறையும் என்பாள், உண்மைதான். வறுக்கும் மெஷினும் காயவைக்கும் டிரையரும் வைத்துக் கூலி பாதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கிலோவுக்கு 23 ரூபாய், மாதம் 3,450 ரூபாய்தான் மிஞ்சும். 4 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 வருஷத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணையே 8,700 ரூபாய் பக்கம் வரும்.

இதை அவளிடம் நீங்கள் சொல்லாதீர்கள். நோட்டைக் கொடுத்து அவளையே போடச் சொல்லுங்கள். பி.காம் படிக்கிற பிள்ளை, அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவாள். அப்பா சொன்னால் பயத்தில் சொல்கிறார் என்று தோன்றும், தன் கையால் போட்ட கணக்கு அப்படித் தோன்றாது.

ராகி விலையையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச ஆதரவு விலை 2023-24-ல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய், 2025-26-ல் 4,886 ரூபாய். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அரசே நேரடிக் கொள்முதல் நிலையம் வைத்து வாங்குவதால் விவசாயிக்கு அந்த விலை கையில் கிடைக்கிறது, அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் ராகியை வாங்கி மாவாக்குகிற உங்களுக்கு இது செலவு. இந்த ரெண்டு வருஷத்தில் அண்ணி மாவு விலையை ஏற்றினாரா? ஏற்றியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டிலிருந்து விற்கிறவர்கள் பெரும்பாலும் விலை ஏற்றக் கூச்சப்படுகிறார்கள், தெரிந்தவர்கள்தானே வாங்குகிறார்கள் என்று. முதலில் செய்யவேண்டியது அதுதான், ஒரு செங்கல்கூட வாங்காமல் செய்யக்கூடிய வளர்ச்சி அது.

அப்புறம் அந்தக் கடையின் நிபந்தனை. 30 நாள் கடன் என்கிறார்கள். அவர்கள் சொன்ன தேதியிலேயே கொடுத்தாலும் மாதம் 36,000 ரூபாய்ச் சரக்கு எப்போதும் வெளியே நிற்கும், பதினைந்து நாள் தள்ளினால் அடுத்த லோடும் சேர்ந்து 72,000. அதற்கிடையில் கடலைக்கும் கூலிக்கும் ரொக்கம் எங்கிருந்து வரும்? இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் வரி உள்ள சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் இறக்கினாலும் அது வேறு மாநிலம்தான். பதிவு எடுத்தால் தவறாமல் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் செலவு. அந்த 240 ரூபாய் வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா?

ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் எதுவும் காயாது. சரியாகக் காயாத முளைராகி மாவில் வாடை வந்துவிடும், வண்டும் சீக்கிரம் விழும். தெரிந்தவர் வீட்டுக்குப் போன ஒரு கிலோ கெட்டால் வேறு கொடுத்துச் சமாளிக்கலாம், கடை அலமாரியில் 150 பாக்கெட் கெட்டால் அந்தப் பெயரை அப்புறம் எடுக்க முடியாது. டிரையர் பற்றியும் பதப்படுத்துவது பற்றியும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்கலாம், உங்களுக்கு அது பக்கம்தான். உணவுப் பாதுகாப்புப் பதிவு அண்ணியிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நல்லது, ஆனால் அது சின்ன அளவு விற்பனைக்கானது, அளவு கூடினால் உரிமமாக மாற்ற வேண்டும். மெஷின் மோட்டாரை வீட்டு மின் இணைப்பில் ஓட்டாதீர்கள், அபராதம் போடுவார்கள்.

மானியம் பற்றி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் இந்த 4 லட்சப் பேச்சே வந்திருக்கிறது. அந்த 35 சதவீதம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு உரியது, ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்குக் கிடையாது. கிடைத்தாலும் மானியம் கைக்கு வராது, 3 வருஷம் வங்கியில் உங்கள் கடன் கணக்கோடு சேர்ந்து வைப்பாக நிற்கும், அதுவரை தவணை கட்டத்தான் வேண்டும். நடக்கிற தொழிலுக்கு எது பொருந்தும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரிலேயே கேளுங்கள், இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். உத்யம் பதிவுகூட இலவசம்தான். நகையை மட்டும் தொடாதீர்கள். மெஷின் என்றால் நாளைக்கு ஆகவில்லையென்றால் பாதி விலைக்காவது போகும். வீட்டுப் பின்னால் போட்ட ஷெட்டை யார் வாங்குவார்கள்?

இனி பாப்பாவின் படிப்பும் வேலையும். டிகிரியை முடித்தே ஆகவேண்டும், இதில் பேச்சே இல்லை. ஓசூர் வேலையைப் பற்றி நான் உங்களோடும் சேரவில்லை, அவளோடும் சேரவில்லை. அந்த வேலை டேட்டா என்ட்ரி. அதில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் அவளுக்கு இப்போது இருக்கிற துடிப்பும் போய்விடும், சத்துமாவுக்கும் அது உதவாது. தேர்வு முடிகிற நேரத்தில்தான் மாங்காய் சீசன் தொடங்கும். கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் மே முதல் ஜூலை வரை அலுவலகத்துக்கும் தரப் பரிசோதனைப் பிரிவுக்கும் கூடுதல் ஆள் தேவைப்படும். சம்பளம் குறைவாக இருக்கலாம். பரவாயில்லை. மண்டியிலிருந்து வருகிற காயை எப்படித் தரம் பிரிக்கிறார்கள், பேட்ச் எண் எதற்கு, வாங்குகிறவர் சரக்கைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்கிறார்கள், பணத்தை எப்படி வசூலிக்கிறார்கள் என்பதை ஒரு சீசன் உள்ளே இருந்து பார்த்தால், அடுத்தவர் காசில் கற்றுக்கொண்டு வரலாம். அதற்குப் பிறகும் வியாபாரம்தான் என்று சொன்னால் நீங்கள் தைரியமாகப் பின்னால் நில்லுங்கள்.

அண்ணியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் பேசியிருக்கிறீர்கள், பாப்பா பேசியிருக்கிறாள், 60 கிலோவையும் வறுக்கிற அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. ஆள் வைத்துப் பெரிதாக்கினால் அவர் அடுப்பைவிட்டு மேஸ்திரி வேலைக்கு மாற வேண்டும், வராத ஆளுக்குப் போன் போட வேண்டும், சலித்தது சரியில்லை என்று சொல்ல வேண்டும். அது பிடிக்காத பெண்கள் உண்டு. 60 கிலோவோடு நிறுத்தி, விலையை 360 ஆக்கி, மீதி நேரத்தில் நிம்மதியாக இருக்கிறேன் என்று அவர் சொன்னால் அதுவும் முழுமையான பதில்தான். அப்போது பாப்பா தனக்கென்று வேறு பொருளையோ வேறு வேலையையோ பார்க்கட்டும், அம்மாவின் உழைப்பை முதலாகப் போட வேண்டாம்.

பெங்களூரு கடைக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லி முறித்துக்கொள்ள வேண்டாம். மாதம் 40 கிலோ, கிலோ 300 ரூபாய், வரி தனி, பாதிப் பணம் முன்கூட்டியே, ஜிஎஸ்டி எடுத்த பிறகு சப்ளை என்று பாப்பாவையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரை வாரம் மூன்று நாள் கூலிக்கு வைத்துப் பாருங்கள், தினமும் எத்தனை கிலோ ஆனது, எவ்வளவு கூலி போனது என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று பேருமே வாருங்கள், அண்ணியையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.