வங்கி ஆப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு 24 வயது. வேலை கிடைத்து, வீட்டை விட்டுத் தனியாக வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து வாடகைக்கு இருக்கிறேன். சம்பளம் மோசமில்லை. ஆனாலும் 20ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை. லேப்டாப் வாங்கிய கிரெடிட் கார்டு கடனுக்கு மாதாமாதம் மினிமம் தொகை மட்டும் கட்டி வருகிறேன். வங்கி ஆப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இரவில் தூக்கமும் இல்லை. வீட்டில் சொன்னால் ‘அப்பவே சொன்னோமே’ என்பார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அந்த ஆப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். கடன் என்று ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, மொத்தம் எவ்வளவு என்றுதான். “ஒரு மாதிரி நிறைய இருக்கும்” என்பதுதான் வழக்கமான பதில். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூடிய கண்ணுக்குள் அந்தத் தொகை தினமும் கொஞ்சம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணமுடை மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2013இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதே கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால் கை வறண்டிருந்த நாட்களிலும், அறுவடைக்குப் பின் காசு புழங்கிய நாட்களிலும் யோசனைத் திறன் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். அறுவடைக்குப் பிறகு அவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள்தான். ஆகவே ‘எனக்குப் பொறுப்பு பத்தாது’ என்று உங்களை நீங்களே திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

பகலில், வயிறு நிறைந்திருக்கும்போது, ஒரு காகிதத்தோடு உட்காருங்கள். ஆப்பைத் திறந்து மூன்றை மட்டும் எழுதுங்கள்: கணக்கில் உள்ள இருப்பு, கார்டில் உள்ள மொத்தப் பாக்கி, அடுத்த கெடு தேதி. எழுதியதும் மூடிவிடுங்கள். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மறுநாள் கார்டு. மினிமம் கட்டுவது அபராதத்திலிருந்து காப்பாற்றும், கடனிலிருந்து காப்பாற்றாது. பாக்கி 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம். புதிதாக ஒரு பைசாவும் தேய்க்காமல் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினாலும், கையை விட்டுப் போயிருப்பது சுமார் 55. பாக்கியோ இன்னும் 77 இருக்கும். அதாவது கட்டிய 55இல் கடனைக் குறைத்தது 23தான். மிச்சம் 32 வட்டிக்குப் போய்விட்டது. உங்கள் கார்டின் விகிதம் வேறாக இருக்கலாம், ஸ்டேட்மென்ட்டிலேயே போட்டிருப்பார்கள், பாருங்கள். இன்னொரு சங்கதி: பாக்கியை முழுதாகக் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்குப் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். எனவே கார்டை முதலில் எல்லா ஷாப்பிங் ஆப்களிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

மினிமம் பாக்கியோடு சேர்ந்து குறைந்துகொண்டே வரும். அதுதான் அதன் தந்திரம். நீங்கள் அதைப் பார்க்காமல் ஒரு தொகையை நிலையாக வைத்து, சம்பளம் வந்த மறுநாளே போகும்படி தானியங்கியாக அமைத்துவிடுங்கள். பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தருவார்களா என்றும் வங்கியில் கேட்கலாம். கேட்கும்போது கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று வரும் ஆப்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். கேட்காமலே உங்கள் தொடர்பு எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, அப்புறம் அவர்களுக்கெல்லாம் போன் போடுகிற கூட்டமும் அதில் உண்டு.

20ஆம் தேதிக்கு வருவோம். முதல் வாரத்தில் கணக்கு நிறைய இருப்பது போலத் தெரியும், ஏனென்றால் இன்னும் போகாத பணமும் அதில்தான் கிடக்கிறது. வாடகை, பில்கள், கார்டுத் தவணை மூன்றையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஐந்தாகப் பிரியுங்கள். நான்கு பங்கு நான்கு வாரத்துக்கு. திங்கட்கிழமை தோறும் ஒரு பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றி, அதிலிருந்து மட்டும் செலவு செய்யுங்கள். ஐந்தாவது பங்கு, மாதக் கணக்கில் வராமல் திடீரென்று நிற்கும் செலவுகளுக்கு: பல் வலி, வண்டி ரிப்பேர், நண்பரின் கல்யாணம். ‘எதிர்பாராத செலவு’ என்போம், ஆனால் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருவதுதான். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நல்லதுதான், ஆனால் கார்டுக் கடன் இருக்கும்போது அது மலை. ஒரு மாத வாடகை அளவு சேர்ந்தால் போதும், பிறகு முழு வேகத்தையும் கடன் மேல் காட்டுங்கள்.

அறைத் தோழர்களோடு பொதுச் செலவை எழுதி வையுங்கள். வெளியே கூப்பிட்டால் “இந்த மாசம் டைட்டுப்பா” என்று சொல்லுங்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கும் அதே கதைதான் என்பது என் சந்தேகம்.

தூக்கத்துக்கு ஒரு சின்ன வழி. படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுங்கள். 2018இல் வெளிவந்த ஒரு சோதனையில் அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். ‘கார்டு’ என்று எழுதாதீர்கள். ‘11 மணிக்கு வங்கிக்குப் போன், தவணை பற்றிக் கேட்க’ என்று எழுதுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம், குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் ஏறக்குறைய பாதி காஃபீன் உடம்பில் இருக்கும். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றே ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டுக்குச் சொல்வதை நான் இரண்டாவது மாதத்துக்குத் தள்ளுவேன். தனியாக இருப்பது என்றால் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்று ஒரு வீம்பு நமக்கு வந்துவிடுகிறது. பண உதவி கேட்க வேண்டாம். “இவ்வளவு கடன் இருக்கிறது, மாதம் இவ்வளவு கட்டுகிறேன், இன்ன மாதத்தில் முடியும்” என்று காகிதத்தோடு போய் உட்காருங்கள். ‘அப்பவே சொன்னோமே’ வரும். வரட்டும், இரண்டு நிமிடம். அப்புறம் யாராவது ஒருவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “எங்கே, அந்தப் பேப்பரைக் காட்டு” என்பார்.