தம்பியின் கையை அவளிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. விலங்குகள் என்றால் உயிர். மே மாத விடுமுறையில், சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தனார் வீட்டுக்கு நான்கு நாள் போகிறோம். நான், கணவர், மகள், எட்டு வயது மகன், மூட்டுவலி உள்ள மாமியார். அவளுக்காகவே போடும் பயணம் இது. முதல் நாள் காலை உயிரியல் பூங்கா, மதியம் ரிவர் வொண்டர்ஸ் என்ற ஆற்று விலங்குப் பூங்கா, இரவு நைட் சஃபாரி. மறுநாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். டால்பின் நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்கலாம் என்று எண்ணம். போன வருடம் வண்டலூரில் ஒரு குரங்குக் கூண்டின் முன்னால் நோட்டும் பேனாவுமாக முக்கால் மணி நேரம் நின்று எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கிவிட்டாள். இந்த முறை தம்பியின் கையை அவளிடம் கொடுத்துவிட்டால் நிற்காமல் நடப்பாள். எங்கள் திட்டம் சரிதானா?
- வாசகி, திருச்சி

பதில்: திட்டத்தைப் பிறகு பார்ப்போம். அந்தக் கையை முதலில் பேசிவிடலாம்.

"தம்பியின் கையை அவளிடம் கொடுத்துவிட்டால் நிற்காமல் நடப்பாள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்காகவே போடும் பயணம் என்கிறீர்கள். அங்கே அவள் செய்ய ஆசைப்படுவது நின்று பார்ப்பது ஒன்றைத்தான். அதைத் தடுக்க எட்டு வயதுப் பையனைக் கால்கட்டாகக் கட்டிவிடப் பார்க்கிறீர்கள்.

அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிக்கட்டும், தாகம் என்றால் தண்ணீர் வாங்கித் தரட்டும். ஆனால் பெற்றவர்கள் இருவரும் பக்கத்திலேயே இருக்கும்போது பையனை மேய்ப்பது பெற்றவர்களின் வேலை. மூத்தது ஆண்பிள்ளையாக இருந்திருந்தால், தங்கையின் கையை அவனிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் முன்னால் நடந்திருப்பீர்களா? நம் வீடுகளில் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானதும் பாதித் தாய் ஆக்கிவிடுகிறோம், அதற்குப் பொறுப்பு என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

வண்டலூரில் அது எந்தக் குரங்கு என்றுகூட நீங்கள் எழுதவில்லை. நோட்டில் என்ன எழுதினாள் என்பதும் கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். விலங்குகளின் நடத்தையை ஆராய்கிறவர்கள் செய்வதும் இதுதான். ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு முறை, அந்த நொடியில் அது என்ன செய்கிறது என்று குறிப்பார்கள். தின்கிறதா, நகர்கிறதா, படுத்திருக்கிறதா, இன்னொன்றுக்குப் பேன் பார்க்கிறதா. அரை மணி நேரத்தில் முப்பது குறிப்பு சேரும். யார் வந்தால் யார் எழுந்து விலகுகிறது என்பது ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் கண்ணில் படவே படாது. உங்கள் மகள் இதைத் தானாகவே செய்கிறாள். ஆகவே அவள் நிற்பதை மையமாக வைத்துத் திட்டம் போடுங்கள்.

உங்கள் முதல் நாள் திட்டம் நடக்காது. உயிரியல் பூங்கா காலை 8.30-க்குத் திறக்கிறது. நைட் சஃபாரியின் கதவு மாலை 7.15-க்குத்தான் திறக்கும். மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் பதிமூன்று, பதினான்கு மணி நேரம் வெளியிலேயே இருக்க வேண்டும். மே மாதத்தில் அங்கே புழுக்கம் ஆளைப் பிழியும். பிற்பகலில் இடியும் மழையும் வழக்கம், மின்னல் வந்தால் திறந்தவெளி நிகழ்ச்சிகளை நிறுத்திவிடுவார்கள். பதினொரு மணிக்கு மேல் பெரும்பாலான விலங்குகளும் நிழலைத் தேடிப் படுத்துவிடும். மூட்டுவலிக்காரரை இத்தனைக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு போவது அவருக்குத் தண்டனை. வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்ற யோசனை வந்திருந்தால் அதையும் இப்போதே கைவிடுங்கள். அவரை வைத்தே திட்டம் போட முடியும்.

உயிரியல் பூங்கா, ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி மூன்றும் மண்டாயில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு நாள் காலை எல்லோரும் சேர்ந்தே கிளம்புங்கள். மாமியார் இருப்பதால் டாக்சி நல்லது. இல்லையென்றால் காத்திப் ரயில் நிலையத்திலிருந்து மண்டாய்க்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. அங்கே போனதும் இரண்டாகப் பிரியுங்கள். மகளும் அவள் அப்பாவும் உயிரியல் பூங்காவுக்கு, 8.30-க்குக் கதவு திறக்கும்போதே உள்ளே. நீங்கள், மாமியார், பையன் மூவரும் நிதானமாகச் சிற்றுண்டி முடித்துக்கொண்டு பத்து மணிக்குத் திறக்கும் ரிவர் வொண்டர்ஸுக்கு. அங்கே பெரும்பகுதி கூரைக்கு அடியில், சில இடங்களில் ஏசியும் உண்டு. பாண்டாவும், பெரிய கண்ணாடித் தொட்டியில் கடற்பசுவின் உறவான மானட்டியும் இருப்பதால் பையனும் அலுத்துக்கொள்ள மாட்டான். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். கௌரவம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக்குச் சேர்ந்தால் போதும்.

உயிரியல் பூங்கா 1973-ல் திறந்தது. கம்பிக்குப் பதிலாக அகழியும் தண்ணீரும் செடிகளும் வைத்துப் பிரித்திருப்பார்கள். முழுவதும் சுற்றிவிடுவது என்று கிளம்பினால் எதையுமே பார்க்காமல் திரும்புவீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மூன்று இடம் போதும். முதலில் ஓராங்குட்டான். தலைக்கு மேலே மரத்திலும் கயிற்றிலும் நகரும், காலையில்தான் சுறுசுறுப்பு. அடுத்து ஹமத்ரியாஸ் பபூன் என்ற குரங்குக் கூட்டம். அவளுடைய நோட்டுக்கு இதைவிட நல்ல இடம் அங்கே இல்லை. தோளில் வெள்ளிப் பிடரி தொங்கும் பெரிய ஆண் ஒவ்வொன்றும் தனக்கென்று சில பெண்களை வைத்திருக்கும். ஒரு பெண் சற்றுத் தள்ளிப் போனால் முறைக்கும், துரத்தும், கழுத்தைக் கடித்தும் இழுத்து வரும். எந்தப் பெண் எந்த ஆணின் கூட்டம் என்று பிரித்து எழுதவே அரை மணி நேரம் வேண்டும். மூன்றாவது நீள்மூக்குக் குரங்கு. இலை தின்னும் சாதி, நம் ஊர் மந்தியின் தூரத்து உறவு, இலையைச் செரிக்க அறை அறையாக வயிறு இருப்பதால்தான் அந்தத் தொப்பை.

அவள் அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு. அவள் நிற்கும்போது கைப்பேசியை எடுத்து மணி பார்க்கக் கூடாது. உட்கார இடம் பார்த்து உட்காரட்டும். ஏசி ரயிலிலிருந்தோ காரிலிருந்தோ இறங்கியதும் கேமரா லென்ஸில் ஆவி படியும், துடைத்தாலும் திரும்பப் படியும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும்.

நைட் சஃபாரியை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், பகல் முழுவதும் வீட்டில் ஓய்வு. 1994-ல் உலகிலேயே முதலாவதாக இரவுக்கென்று தொடங்கிய உயிரியல் பூங்கா அது. நுழைவு நேரத்தை முன்பே தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும், 7.15-ஐ எடுங்கள். கதவு திறந்ததும் எல்லோரும் டிராமுக்கு வரிசையில் ஓடுவார்கள். மாமியாரும் பையனும் நீங்களும் அதில் ஏறுங்கள், நாற்பது நிமிடம் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மகளைச் சித்தப்பாவுடன் நடைபாதைக்கு அனுப்புங்கள். மீன்பிடிப் பூனைப் பாதையும் சிறுத்தைப் பாதையும் அந்த நேரத்தில் காலியாக இருக்கும். இருட்டுக்குக் கண் பழகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் பழகியது போய்விடும். ஃபிளாஷ் கூடவே கூடாது. கூட்டம் குறைந்த பிறகு மகளும் சித்தப்பாவும் டிராமில் ஏறலாம்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் யாருக்காக என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் ஆசை இருந்தால் அவர்கள் போகட்டும். மகளிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் நீங்களும் அவளும் அன்று 2023-ல் திறந்த பேர்ட் பாரடைஸுக்குப் போகலாம், வலைக்கூடத்துக்குள் நடந்தே பறவைகளைப் பார்க்கலாம். காசே செலவழிக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. க்ராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து 925 எண் பேருந்தில் சுங்கை பூலோ சதுப்புநிலம். வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான், மே மாதத்தில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உடும்பு உண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாயும் உவர்நீர் முதலையும் தென்படும். கடல்நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போனால் சேற்றில் துள்ளும் மீன்களைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

டால்பினைப் பற்றி அவளைக் கேட்காமல் ஒரு டிக்கெட்டும் வாங்காதீர்கள். சென்டோசா தீவில் காட்சிக்கு வைக்க வாங்கிய டால்பின்கள் சாலமன் தீவுக் கடலில் பிடிக்கப்பட்டவை, அவற்றில் சில சிங்கப்பூர் வந்து சேரும் முன்பே இறந்தன. இந்தியாவில் டால்பின் காட்சிக்கூடங்களுக்கு 2013-லேயே அனுமதி மறுத்துவிட்டார்கள். விலங்குகள் மேல் இத்தனை பிரியம் உள்ள பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். "உனக்காகத்தான்" என்று சொல்லி அவளை அங்கே உட்கார வைத்தால், மகிழ்வதுபோல் நடிக்க வேண்டிய கடமையும் அவள் தலையில் விழும். உயிரியல் பூங்காவிலேயே அவளுக்குக் கேள்விகள் எழலாம். அங்கே பிறந்து வளர்ந்த இனுக்கா என்ற பனிக்கரடி 2018-ல் இறந்தது. இனிப் பனிக்கரடி வளர்ப்பதில்லை என்பது பூங்காவின் முடிவு. அவள் அதைப் பேசினால் "வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு" என்று வாயடைக்காதீர்கள்.

டிக்கெட்டுக்கு வருவோம். மண்டாய் பூங்காக்களில் மூன்று முதல் பன்னிரண்டு வயது வரைதான் சிறுவர் கட்டணம். மகளுக்குப் பெரியவர்களுக்கான கட்டணம்தான். வயதைக் குறைத்துச் சொல்லும் நம் ஊர்ச் சாமர்த்தியத்தை அவள் காதுபட அரங்கேற்ற வேண்டாம். பல பூங்காக்களுக்குச் சேர்த்து வாங்கினால் மலிவு, ஆனால் எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். வெசாக் (புத்த பூர்ணிமா) விடுமுறை நாளைத் தவிருங்கள். மே கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், அதற்குள் வார நாட்களில் முடித்துக்கொள்ளுங்கள்.

மண்டாயிலும் சுங்கை பூலோவிலும் காட்டுக் குரங்குகள் வழியிலேயே உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே தின்பண்டம் என்று பிடுங்கும், எனவே பையன் கையில் சிப்ஸ் பொட்டலம் வேண்டாம். பாவம் என்று ஒன்றைப் போட்டாலும் குற்றம்தான், முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.