கையால் வரைந்தது போல ஒரு கற்பனை வரைபடம்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கதைக்கு ஒரு கற்பனை நாட்டின் வரைபடம் கம்ப்யூட்டரில் செய்தேன். கையால் வரைந்த மாதிரியே இல்லை. நல்ல பழைய காகித டெக்ஸ்சர் எது?

பதில்: முதல் கேள்வியே காகிதமா! காகிதத்தைக் கடைசியில் போடுங்கள். இப்போதைக்குப் பின்னணியை வெள்ளையாக்கி, கோடுகளை மட்டும் வைத்துப் பாருங்கள். அதில் கை தெரியாவிட்டால், அடியில் எவ்வளவு பழுப்புக் கறை பரப்பினாலும் தெரியாது.

கேள்வி: கோட்டில் கை தெரிவது என்றால்? வேண்டுமென்றே நடுங்க வைக்கணுமா?

பதில்: இதைத்தான் கேட்க வேண்டும். நடுக்கம் வேண்டாம். மை தொட்ட பேனா என்ன செய்யும்? அழுத்தினால் கோடு அகலும், தூக்கினால் மெலியும். ஆனால் கருமை குறையாது. ஆகவே பிரஷ் அமைப்பில் அழுத்தத்தை அகலத்தோடு மட்டும் இணையுங்கள்; ஒபாசிட்டி, அதாவது கோட்டின் அடர்த்தி, 100-லேயே நிற்கட்டும். இரண்டையும் இணைத்த பிரஷ்ஷில் வரைந்தால் மைக்குப் பதில் சாம்பல் புகைதான் வரும்.

அகலத்துக்கு ஒரு கணக்கு: 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஒரு மில்லிமீட்டர் சுமார் 12 பிக்சல். 0.3 மி.மீ. பேனா முனை என்றால் மூன்றரை பிக்சல். நான் கடற்கரைக்கு 6, மலைக்கு 4, நிழல் கோட்டுக்கு 2 அல்லது 3 வைப்பேன். 100 சதவீதத்துக்கு மேல் ஜூம் செய்யாதீர்கள். நானும் ஒரு காலத்தில் 400-ல் வைத்து வரைந்தேன். சிறிதாக்கிப் பார்த்தபோது கரையெல்லாம் பொடிப்பொடியாகக் கொறித்த மாதிரி இருந்தது. பேனா பிடித்தவர் அந்த அளவில் வரையவே முடியாது.

கரை எல்லா இடத்திலும் ஒரே அளவில் நெளிந்தால் அது ஃபில்டர் போட்ட கரை. கை அப்படிப் போகாது. நீண்ட மணல் கரையில் சோம்பலாக ஓடும். பாறை முனை வந்ததும் ஒடிந்து ஒடிந்து திரும்பும். கை அசைவைச் சீராக்கும் ஸ்டெபிலைசரைக் குறைத்து வையுங்கள், அது எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கிவிடும்.

கேள்வி: சார், எந்த பிரஷ் நல்லது? கிரிட்டாவா ஃபோட்டோஷாப்பா?

பதில்: எதிலும் இருக்கும் சாதாரண வட்டப் பிரஷ். அமைப்பு மேலே இருக்கிறது. சார் இல்லை, அக்கா.

கேள்வி: என் மலைகள் வரிசையாகக் கூடாரம் அடித்த மாதிரி நிற்கின்றன.

பதில்: முக்கோணத்தில் ஆரம்பிப்பதால்தான். உச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் முகட்டுக் கோட்டை முதலில் போடுங்கள். நிழல் கோடுகள் அதிலிருந்து தொங்கட்டும். 1570-ல் வரைபடக்காரர் ஓர்ட்டேலியஸ் வெளியிட்ட உலக வரைபடத் தொகுதியைப் பாருங்கள்: மலைகள் பக்கவாட்டில் தெரியும் சிறு குன்றுகள், வெளிச்சம் ஒரு பக்கம், நிழல் மறுபக்கம். இடது வெளிச்சம் என்று முடிவு செய்தால் படம் முழுவதும் அதுதான்.

கீழே, அதாவது முன்னால் நிற்கும் மலையை முதலில் வரையுங்கள். பின்னால் உள்ளதன் கோடு அதைத் தொட்டதும் நின்றுவிடும். அழிக்கும் வேலையே இல்லை.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? மலை ஸ்டாம்ப் கிடைக்கிறதே, அதை வைத்து அடித்தால் ஏமாற்றா?

பதில்: ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அது எப்படி? செப்புத் தகட்டில் செதுக்கியவர்களே ஊர்க் குறிகளுக்கு முத்திரை முனை வைத்துத் தட்டியிருக்கிறார்கள். மரக்கட்டை வரைபடங்களில் ஊர்ப்பெயரை உலோக எழுத்தாகச் செருகியிருக்கிறார்கள். அதெல்லாம் கைவேலை இல்லையா?

பதில்: மாட்டிக்கொண்டேன். ஊர்க் குறிக்கு ஒத்துக்கொள்கிறேன். குறி என்றால் ஒரே மாதிரி இருப்பதுதான் அழகு. மலை குறி இல்லை. ஒரே மலை இரண்டு முறை வந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

கேள்வி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மணிக்கட்டு வலி. நானூறு மலை வரையச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

பதில்: இந்தக் காரணத்தை மறுக்க மாட்டேன். ஏமாற்று என்றதையும் வாபஸ் வாங்குகிறேன். நீங்களே இருபது மலை வரைந்து ஸ்டாம்ப்பாக்குங்கள். மூன்று எச்சரிக்கை. இடவலமாகத் திருப்பாதீர்கள், நிழலும் சேர்ந்து திரும்பி வெளிச்சம் தாறுமாறாகும். பெரிது சிறிது செய்யாதீர்கள், கோட்டு அகலமும் மாறும். மூன்று அளவுகளைத் தனித்தனியாக வரையுங்கள். உள்ளே வெள்ளை நிரப்பி, வடக்கிலிருந்து தெற்காக வையுங்கள். பேனாவுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். கடைசியில் நாலைந்து இடத்தில் முகட்டை இழுத்துப் பக்கத்து மலையோடு கையால் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கரைக்கு வெளியே கடலில் வரும் வரிக்கோடுகள்? நிலத்தை செலக்ட் செய்து, அந்த எல்லையை வெளியே விரித்து, அதன்மேல் தானாகக் கோடு (ஸ்ட்ரோக்) போட வைத்தேன், மெஷின் மாதிரி இருக்கிறது.

பதில்: இடைவெளி சமமாக இருப்பதால். கரையருகே நெருக்கமாக, வெளியே போகப் போக அகலமாக, நான்கு கோடு போதும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மழுங்கலாக, மெல்லியதாக. விரித்த கோட்டை மங்கலாக வைத்து அதன்மேல் கையால் மை போடுங்கள்.

கேள்வி: காகித டெக்ஸ்சரை எந்த மோடில் வைப்பது?

பதில்: மல்டிப்ளை; கோடுகள் மறையாமல் காகிதத்தின் நிறம் மட்டும் சேரும். கடைசியில்.

கேள்வி: என் நாட்டில் ஒரு ஆறு இரண்டு கடலையும் இணைக்கிறது. எப்படி வரைந்தால் இயல்பாக இருக்கும்?

பதில்: வரைந்து திருத்த முடியாது, தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். கால்வாய் என்று பெயர் வையுங்கள்.

கேள்வி: பெயர்களுக்கு எந்த ஃபான்ட்?

பதில்: ஃபான்ட்டில் ஒவ்வொரு 'ம'வும் அச்சு அசலாக அதே 'ம'. ஃபான்ட்டை மங்கலாக அடியில் போட்டு, மேல் லேயரில் கையால் எழுதுங்கள். எழுத்து சின்ன விஷயமில்லை. சாய்வெழுத்தை எப்படி எழுதுவது என்று, பெரிய வரைபடக்காரரான மெர்கேட்டரே 1540-ல் ஒரு கையேடு போட்டார்.

கேள்வி: மை கருப்பா, பழுப்பா?

பதில்: மாசிக்காயும் இரும்பும் சேர்த்த மை எழுதியதும் காற்றுபட்டுக் கருக்கும், வயதானால்தான் பழுப்பு. உங்கள் கதையில் வரைபடம் நேற்று வரைந்ததா, முந்நூறு வருடப் பழசா? அதைச் சொன்னால் நிறம் தானே வரும்.

கேள்வி: ஓரங்களை எரித்த மாதிரி செய்தால்...

பதில்: யார் எரித்தார்கள்? நான்கு பக்கமும் சமமாக எரிய எப்படி விட்டார்கள்?

கேள்வி: காகிதம்...

பதில்: கடைசியில்.

கேள்வி: மணிக்கட்டு வலிக்காரன்தான். இருபது மலை வரைந்து வைத்துவிட்டேன். படத்தைப் பார்க்கிறீர்களா?

பதில்: பார்த்தேன். முகடுகள் பிரமாதம், வெளிச்சமும் ஒரே பக்கம். ஆனால் இரட்டை உச்சி மலை வடக்கே மூன்று முறை வருகிறது, அதில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில். நடுவில் உள்ளதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் கையால் ஒன்று போடுங்கள். மணிக்கட்டு தாங்கும்.