இடம் மாற்றிய கொடி ரோஜா: எதை வெட்டுவது, எப்படிக் கட்டுவது

கேள்வி: கொடி ரோஜாவைத் தோண்டி வேறு இடத்தில் நட்டுப் பத்து நாள் ஆகிறது. இலையெல்லாம் தொங்கிக் கொட்டிவிட்டது. எட்டடிக் கிளைகளை அடியோடு வெட்டிவிடட்டுமா?

பதில்: வேண்டாம், கத்தரியைக் கீழே வையுங்கள். தோண்டும்போது நுனிவேர்கள் அறுந்திருக்கும், தண்ணீர் உறிஞ்சுவதே பெரும்பாலும் அவைதான். மேலே இலைகளுக்கு வேண்டிய தண்ணீரை மிச்சமிருக்கும் வேரால் தர முடியாததால் செடி இலையை உதிர்க்கிறது, அதற்காகச் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நுனியில் தொடங்கி நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள். பழுப்பு முடிந்து ஈரமான பச்சை தெரிகிற இடத்தில், கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டினால் போதும். பாதி வேர் போய்விட்டது என்றால் மட்டும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

கேள்வி: புதர் ரோஜாவை வருடா வருடம் ஒட்ட வெட்டுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

பதில்: கொடியில் தூரிலிருந்து வரும் நெடுங்கிளைதான் சட்டம், அதாவது செடியைத் தாங்கும் எலும்புக்கூடு மாதிரி. பூ பெரும்பாலும் அதன் பக்கக்கிளைகளில் வரும். சட்டத்தை வெட்டினால் பூக்கும் இடமே போய்விடும். இன்னொன்று, 'கிளைம்பிங் ஐஸ்பெர்க்', 'கிளைம்பிங் பீஸ்' மாதிரி புதர் ரகத்திலிருந்து தானாக மாறி வந்த கொடிகளை நட்ட புதிதில் ஒட்ட வெட்டினால் மறுபடி புதராகவே திரும்பிவிடக்கூடும். முதல் 2 வருடம் காய்ந்தது, ஒடிந்தது, நோய்பட்டது மட்டும் எடுங்கள்.

கேள்வி: என் கொடி சுவர் உயரத்துக்குப் போய்விட்டது, பூ உச்சியில் மட்டும்தான்.

பதில்: நேராக நிற்க விட்டதுதான் காரணம். நுனிமொட்டு சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழிறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கிவைக்கும். கிளையைப் படுக்கவைத்தால் அந்தப் பிடி தளர்ந்து கணுவுக்குக் கணு துளிர் கிளம்பும். நான் ஒரு கிளையை விசிறி மாதிரி சாய்த்துக் கட்டிவிட்டு தினமும் போய்ப் பார்ப்பேன், முதலில் கணுவில் சிவப்பாக ஒரு புள்ளி, அப்புறம் அரிசி அளவு, அப்புறம் ஒரே வரிசையாகத் துளிர் எல்லாமே வானத்தைப் பார்த்து நிற்கும், அந்தக் காட்சிக்காகவே கொடி ரோஜா வளர்க்கலாம். பச்சையான இளங்கிளை சொன்னபடி வளையும். முற்றிய கிளையை ஒரே நாளில் இழுத்தால் படக்கென்று ஒடிந்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். பூத்து முடிந்த பக்கக்கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள்.

கேள்வி: எதை வைத்துக் கட்டுவது?

பதில்: பழைய பருத்தித் துணியைக் கிழித்து எட்டு வடிவத்தில், கிளை தடிக்க இடம்விட்டுக் கட்டுங்கள். வெறும் கம்பி வேண்டாம், பட்டையை அறுத்துவிடும்.

கேள்வி: தூரிலிருந்து ஒரு கிளை மட்டும் மளமளவென்று வருகிறது. ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா என்கிறார்களே?

பதில்: இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள், நல்ல கொடி ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். உங்கள் ரகத்தை வேறொரு ரோஜாவின் வேரோடு சேர்த்து ஒட்டிய இடம்தான் ஒட்டுப்பகுதி. அதற்கு மேலே என்றால் அதுதான் உங்கள் அடுத்த சட்டம், பத்திரமாக வளருங்கள். கீழே என்றால் அந்த வேறொரு ரோஜாவின், அதாவது வேர்ச்செடியின் கிளை, வெட்டினால் மறுபடி முளைக்கும் என்பதால் பிடித்துக் கீழ்நோக்கிக் கிழித்தெடுங்கள்.

கேள்வி: உரம்?

பதில்: புதுத்துளிர் விரல் நீளம் வரும்வரை தண்ணீர் மட்டும்.