கார்பின் மேல கோவமா, ஓனர் மேல கோவமா? – வாசகர் கேள்வி பதில்

விளையாட்டு பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பேஸ்பால் கேள்விங்க மட்டும் தனியா ஒரு கட்டு சேர்ந்துடுச்சு, அதுவும் முக்காவாசி வாஷிங்டன் நேஷனல்ஸ் ரசிகர்களோட மனக்குமுறல். அதனால இந்த தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: சார், 2019ல நேஷனல்ஸ் வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலோட சாம்பியன் கப்) ஜெயிச்சப்போ வீட்ல எல்லாரும் அழுதுட்டோம். அதுக்கப்புறம் பேட்ரிக் கார்பின்னு ஒரு பிட்சர் (பந்து போடுறவர்) எங்களைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்ல. 140 மில்லியன் டாலர் சம்பளம், அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்து அடி வாங்கிட்டுப் போவார். ஒப்பந்தம் முடிஞ்சு அவர் போயே போயிட்டார், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. இது தப்பா?
– ஒரு வாசகர், ஆஷ்பர்ன், வர்ஜீனியா

பதில்: தப்பே இல்ல சார். காசு கொடுத்து டிக்கெட் வாங்குறவன், ராத்திரி பத்து மணி வரைக்கும் டிவி முன்னாடி உக்கார்றவன் கோவப்படாம வேற யார் கோவப்படுவா. 2021ல 9 ஜெயிச்சு 16 தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு மேட்ச்சுக்கு, சராசரியா கொடுத்த ரன்) 5.82. 2022ல 6 ஜெயிச்சு 19 தோல்வி, ஈஆர்ஏ 6.31, அந்த வருஷம் மட்டும் 210 ஹிட் (பேட்டர் அடிச்சு பேஸுக்குப் போய்ச் சேர்றது) கொடுத்தார். 2023ல 15 தோல்வி. மூணு வருஷம் தொடர்ச்சியா நேஷனல் லீக்லயே (பெரிய லீகோட ரெண்டு பாதியில ஒண்ணு) அதிக தோல்வி அவர் பேர்லதான். 2022ல முதல் இன்னிங்ஸையே முடிக்க முடியாம இறங்கிப் போன மேட்ச்சும் உண்டு. இதையெல்லாம் பாத்துட்டு ஒருத்தர் சும்மா இருந்தா அவர் ரசிகரே இல்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோவம் சரி, அது போய்ச் சேர வேண்டிய இடம்தான் வேற. நீங்க அழுதீங்களே அந்த ராத்திரி, 2019 அக்டோபர் 30, ஹூஸ்டன்ல வேர்ல்ட் சீரிஸோட கடைசி, ஏழாவது மேட்ச், அன்னிக்கு மேட்ச்சைத் தொடங்கின பிட்சர் ஷெர்சர் கழுத்து வலியோட அஞ்சு இன்னிங்ஸ் போட்டுட்டு இறங்குறார், நேஷனல்ஸ் 0-2ன்னு பின்னாடி இருக்கு, அப்ப ஆறாவது இன்னிங்ஸ்ல உள்ள வந்தது யாரு? கார்பின். மூணு இன்னிங்ஸ், ஒரு ரன் கூட கொடுக்கல. அந்த மூணு இன்னிங்ஸுக்குள்ளதான் நம்ம பேட்டர் ரெண்டோன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடிச்சார், ஹௌவி கெண்ட்ரிக் அடிச்ச பந்து வலது பக்க கம்பத்துல பட்டுச்சு, அதுவும் ஹோம் ரன்தான், 6-2ன்னு மேட்ச் முடிஞ்சுது. ஸ்கோர் புத்தகத்துல அந்த வெற்றி கார்பின் பேர்லதான் இருக்கு. அந்த ராத்திரிக்காக அடுத்த அஞ்சு வருஷத்தை மன்னிச்சிடுங்கன்னு நான் கேக்கல. பந்தை வாங்கிக்கோன்னு சொன்னப்பல்லாம் வாங்கிக்கிட்டவர் அவர், 31 தடவை, 32 தடவைன்னு வருஷா வருஷம். கொடுத்துக்கிட்டே இருந்தது யாருன்னுதான் நாம பேசணும்.

கேள்வி: எனக்கு பேஸ்பால் புதுசு. ஒரு பிட்சர் பேர்ல "தோல்வி"ன்னு எழுதுறாங்களே, பதினொரு பேர் ஆடுற கிரிக்கெட்ல தோல்வியை ஒரு பவுலர் தலையில கட்ட மாட்டோமே?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நியாயமான கேள்வி மேடம். எதிரணி கடைசி வரைக்கும் விடாத முன்னிலையை எந்த பிட்சர் விட்ட ரன்னால எடுத்துச்சோ, அவர் பேர்ல தோல்வி போகும். தன் டீம் பேட்டிங்ல ஒரு ரன் கூட எடுக்கலன்னாலும் அவருக்குத்தான். அதனால இதை மட்டும் வச்சு ஆளை எடை போடக்கூடாது. 2018ல நியூயார்க் மெட்ஸ் ஜேக்கப் டிகிராம் 10 ஜெயிச்சு 9 தோத்தார், ஆனா ஈஆர்ஏ 1.70, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதே அவருக்குத்தான் போச்சு. ஈஆர்ஏங்கிறது ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தனை ரன் கொடுத்தார்ங்கிற கணக்கு, ஃபீல்டர் தப்பால வந்த ரன் சேராது. நாலுக்குள்ள இருந்தா நல்லாருக்கு, அஞ்சைத் தாண்டினா கவலைப்படணும். கார்பின் விஷயத்துல ரெண்டு கணக்கும் மோசம், அதை மறைக்க முடியாது.

கேள்வி: 2018, 2019ல அவ்ளோ நல்லா போட்டவர் எப்படி சார் திடீர்னு இப்படி ஆனார்? சோம்பேறித்தனமா, பணம் வந்ததும் அக்கறை போயிடுச்சா?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: "பணம் வந்ததும் அக்கறை போச்சு"ன்னு சொல்றது ரொம்ப ஈஸி, ஆனா அக்கறை இல்லாதவன் வருஷம் 31 தடவை பந்து போடுற மேடேற மாட்டான். நடந்தது என்னன்னு சொல்றேன். அவரோட பொழைப்பே ஸ்லைடர்ங்கிற ஒரே பந்தை நம்பித்தான். 2018ல அரிசோனாவுல 246 பேரையும், 2019ல வாஷிங்டன்ல 238 பேரையும் ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) பண்ணினதுக்கு அதுதான் முக்கிய காரணம். இடது கைக்காரர், வலது கை பேட்டருக்கு அந்தப் பந்து நேரா வர்ற மாதிரியே வரும், பேட் சுத்த ஆரம்பிச்சதுக்கப்புறம் அவன் பின்னங்காலை நோக்கி உள்ள சரிஞ்சு கீழ இறங்கிடும். அவன் காத்துல சுத்திட்டு நிப்பான்.

அந்த சரிவு கொஞ்சம் மழுங்கினப்புறம் என்னாச்சு? பேட்டர் ரெண்டு ஸ்ட்ரைக்ல நிக்கிறான், கார்பின் அதே ஸ்லைடரை கீழ போடுறார், அவன் பேட்டை பாதியிலயே நிறுத்திக்கிறான், பந்து எல்லைக்கு வெளிய போறதால 'பால்'னு கணக்கு. மறுபடி போடுறார், மறுபடி அவன் அசையல. மூணு பால் ஆயிடுச்சு, நாலாவது ஆனா பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போயிடுவான், இனிமே ஸ்ட்ரைக் போட்டே ஆகணும், அப்ப ஃபாஸ்ட்பாலைத்தான் நடுவுல போடணும், அவன் அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கான். 2021ல 37 ஹோம் ரன் போனதுல இதுக்கும் பங்கு உண்டு. இன்னொண்ணு கவனிங்க, 2020ல அவர் வேகம் குறைஞ்சுது உண்மை, ஆனா 2021ல வேகம் திரும்பி வந்துடுச்சு, அடி மட்டும் நிக்கல. அதனாலதான் இது உழைப்புக் குறைச்சல் இல்லன்னு நான் அடிச்சு சொல்றேன். வேகத்தை ஜிம்ல சம்பாதிக்கலாம், விரல்ல இருந்து கிளம்புற சரிவு போச்சுன்னா திரும்ப வர்றது குதிரைக்கொம்பு. இதுக்கு மேல பண்ண வேண்டியது கோச்சுங்க வேலை. புதுசா ஒரு பந்தைக் கத்துக்கொடு, பந்து போடுற விகிதத்தை மாத்து, இல்லன்னா புல்பென்னுக்கு (மேட்ச் நடுவுல வந்து போடுற பிட்சர்ங்க கூட்டம்) அனுப்பி ஒரு இன்னிங்ஸ் ரெண்டு இன்னிங்ஸ் போட வை. 2019 ஏழாவது மேட்ச்ல அந்த வேலையை அவர் நல்லாத்தானே பண்ணினார்!

கேள்வி: பிட்சர் சொந்த மைதானத்துலயே கூச்சல் வாங்குறதைப் பாத்தா பாவமா இருக்கு. ரசிகன் கூச்சல் போடலாமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: போடலாம், ஆட்டத்தைப் பத்தி மட்டும். குடும்பத்தை இழுக்கிறது, போன்ல மிரட்டல் அனுப்புறது எல்லாம் ரசிகத்தனம் இல்ல, அது வேற வியாதி. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ்ல பேரி ஸீட்டோன்னு ஒருத்தர், 7 வருஷத்துக்கு 126 மில்லியன், 2008ல 17 தோல்வி. 2010ல டீம் கப் ஜெயிச்சப்போ பிளேஆஃப் ஆட்டக்காரர் பட்டியல்லயே அவர் பேர் இல்ல. ஊரே திட்டுச்சு. 2012ல செயின்ட் லூயிஸ்ல தோத்தா வெளியங்கிற மேட்ச்ல கிட்டத்தட்ட எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காம போட்டார், அடுத்து வேர்ல்ட் சீரிஸ் முதல் மேட்ச்ல பெரிய பிட்சர் வெர்லாண்டரை எதிர்த்து நின்னு ஜெயிச்சார். ஆனா ஜயன்ட்ஸ் மேனேஜ்மென்ட் 2010ல அவரை உக்கார வைக்கிற தைரியம் காட்டுச்சு பாருங்க, 126 மில்லியன் ஆளையே. அதுதான் வாஷிங்டன்ல நான் பாக்காத விஷயம்.

கேள்வி: மேனேஜ்மென்ட்டை மட்டும் குறை சொல்றீங்க. ஒப்பந்தப் பணம் எப்படியும் கொடுத்துத்தான் ஆகணும், மைனர் லீக்குக்கும் (கீழ்மட்ட டீம்) அனுப்ப முடியாது, இளசுங்க கை கெட்டுப்போகாம இருக்க யாராவது இன்னிங்ஸை இழுக்கணும். ஜெனரல் மேனேஜர் ரிஸோவும், களத்துல டீமை நடத்துற மேனேஜர் மார்ட்டினெஸும் வேற என்னதான் பண்ணியிருக்க முடியும்?
– ஒரு வாசகர், ராக்வில், மேரிலாண்ட்

பதில்: நல்லா யோசிச்சு கேட்டிருக்கீங்க, நீங்க சொன்ன மூணும் நிஜம். பேஸ்பால்ல ஒப்பந்தம் போட்டா துரத்திவிட்டாலும் மீதிப் பணம் கொடுக்கணும். அஞ்சு வருஷத்துக்கு மேல அனுபவம் உள்ளவரை அவர் சம்மதம் இல்லாம மைனருக்கு அனுப்ப முடியாது. 162 மேட்ச், அஞ்சு பேர் மாத்தி மாத்தி போடணும், 2023 ஆரம்பத்துலயே இளம் பிட்சர் கேவல்லிக்கு முழங்கை ஆபரேஷன் வேற. சரி. ஆனா கொடுத்த பணம் கொடுத்ததுதான், அவர் மேட்ல நின்னாலும் வீட்ல இருந்தாலும் அதே பணம் போகப்போகுது, அப்படின்னா அந்த இடத்துக்கு இன்னொருத்தரைத் தேட ஏன் காசை அவிழ்க்கல? அங்கதான் ஓனர் வர்றார்.

கப் ஜெயிச்சு ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள, 2021 ஜூலையில நட்சத்திரங்க ஷெர்சரையும் ட்ரே டர்னரையும் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினாங்க. 2022 ஏப்ரல்ல ஓனர் லெர்னர் குடும்பம் டீமை விக்கலாமான்னு பாக்குறோம்னு சொன்னாங்க. அந்த ஜூலையில நட்சத்திர பேட்டர் ஹுவான் ஸோட்டோ 15 வருஷம் 440 மில்லியன் வேணாம்னுட்டார், ஆகஸ்ட் 2ஆம் தேதி அவரும் சான் டியேகோ போயிட்டார். அந்த வருஷம் 55 ஜெயிப்பு, 107 தோல்வி. பிட்சர் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 245 மில்லியன் கொடுத்தாங்க, பாவம் உடம்பு ஒத்துழைக்கல, அதுக்கப்புறம் மொத்தமே 8 மேட்ச்தான் தொடங்கினார், அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். கடைசியில 2024 ஆரம்பத்துல டீம் விற்பனைக்கு இல்லன்னுட்டாங்க. விக்கவும் இல்ல, செலவும் பண்ணல, ரசிகன் மட்டும் காத்துக்கிட்டு இருக்கணும். ஸோட்டோவுக்கு பதிலா வந்த ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட் மூணு பேரும் நல்ல பசங்க, அந்த வியாபாரத்தை நான் குறை சொல்லல. ஆனா அந்தப் பசங்களைச் சுத்தி நாலு அனுபவசாலிங்களை வாங்கிப் போடாம, தோக்குற மேட்ச்சுக்கெல்லாம் முகம் காட்ட கார்பினை நிறுத்தி வச்சாங்க. வெள்ளம் வந்தா முதல்ல நனையற திண்ணை மாதிரி அவர். ஜனங்க அவரைத் திட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் மேல உக்காந்திருந்தவங்களை யாரும் கேக்கல.

மார்ட்டினெஸைப் பத்தி ஒரு வார்த்தை. 2019 மே மாசம் டீம் 19-31ல (19 ஜெயிப்பு, 31 தோல்வி) கிடந்தப்போ அவரை வேலையை விட்டுத் தூக்குங்கன்னு ஊரே கத்துச்சு, அதே வருஷம் அவர் கப்பைத் தூக்கினார். அதனால ஒவ்வொரு தடவையும் ரசிகன் சொல்றதை மேனேஜ்மென்ட் கேக்கணும்னு நான் சொல்ல வரல. மூணு வாரம் மோசமா போனா பொறுமையா இருக்கலாம், நாலு வருஷம் அதே கதைன்னா அதுக்குப் பேர் பொறுமை இல்ல.

கேள்வி: இப்பவாவது நிலைமை மாறிச்சா?
– ஒரு வாசகி, ஆஷ்பர்ன்

பதில்: கார்பின் 2024ல 6 ஜெயிப்பு, 13 தோல்வியோட ஒப்பந்தத்தை முடிச்சுட்டுக் கிளம்பினார். அவர் இருந்த கடைசி ரெண்டு வருஷமும் டீம் 71-91. அவர் போன 2025ல 66-96. ஜூலை 6ஆம் தேதி ரிஸோவையும் மார்ட்டினெஸையும் ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. இப்ப பால் டோபோனி தலைமையில புது நிர்வாகம், 33 வயசுல பிளேக் புட்டேரா மேனேஜர். பாப்போம், ஓனர் அதே ஓனர்தான். கார்பின் என்ன ஆனார்னா, டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அவரை 2025ல வெறும் 1.1 மில்லியனுக்கு எடுத்தாங்க, ஈஆர்ஏ 4.40.