ஐடி வேலையை விட்டு மாங்கூழ் ஆலைக்கு மேலாளராகப் போகலாமா?

கேள்வி: வயது 39, சொந்த ஊர் காவேரிப்பட்டணம். பெங்களூருவில் சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர். சம்பளம் வருடம் 36 லட்சம், அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 1.2 லட்சம். வரும் ஜூன் 10-ல் இந்தக் கம்பெனியில் ஐந்து வருடம் முடிகிறது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பொது மேலாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 20 லட்சம், சீசன் லாபத்தைப் பொறுத்து 4 லட்சம் வரை போனஸ். 90 நாள் நோட்டீஸுக்குப் பணம் கட்டிவிட்டு ஏப்ரலிலேயே வந்துவிடுங்கள் என்கிறார் முதலாளி. வீட்டுக் கடன் இஎம்ஐ 42,000, பெங்களூரு வாடகை 35,000. வருடம் 16 லட்சத்தை விட்டுவிட்டுப் போவது சரியா?

பதில்: நீங்கள் விடப்போவது 16 லட்சம் இல்லை, முதலில் அதைப் பார்த்துவிடுவோம். புதிய வரி முறையில் 36 லட்சத்துக்கு வரி சுமார் 6.63 லட்சம், 20 லட்சத்துக்கு 1.92 லட்சம்தான். ஆக வரி போக வித்தியாசம் 11.3 லட்சம். சொந்த வீட்டிலிருந்தே வேலைக்குப் போனால் வாடகை 4.2 லட்சம் மிச்சம், அப்போது உண்மையான இழப்பு வருடத்துக்கு 7.1 லட்சம், அதாவது மாதம் 59,000 ரூபாய். இஎம்ஐ கட்டியது போக மாதம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கையில் நிற்கும், பிஎஃப் பிடித்தம் தனி. கிருஷ்ணகிரியில் ஒரு குடும்பத்துக்கு அது போதும். ஆனால் அந்த 20 லட்சத்துக்குள்ளேயே முதலாளி பங்கு பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள், அடங்கும் என்றால் இந்தக் கணக்கு இன்னும் இறங்கும்.

போனஸை பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் மாமரம் எல்லா வருடமும் ஒரே மாதிரி காய்க்காது, பூ விடும் நேரத்தில் மழை பிடித்தால் போச்சு, காய் நன்றாக வந்தாலும் வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் கூழ் குடோனிலேயே கிடக்கும். இதில் எதுவும் மேலாளர் கையில் இல்லை. அதனால் போனஸை லாபத்தோடு கட்ட விடாதீர்கள். ஒரு டன் தோத்தாபுரி மாங்காய்க்கு எவ்வளவு கூழ் எடுக்கிறீர்கள், பாய்லருக்கும் கரண்டுக்கும் டன்னுக்கு என்ன செலவு என்று உங்களால் மாற்றக்கூடிய விஷயங்களோடு கட்டச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். இன்ஜினியரான உங்களுக்கு ஆலையில் பலம் இருப்பதே அங்கேதான்.

ஏப்ரலில் போகவே போகாதீர்கள். மார்ச் 15-ல் ராஜினாமா கொடுத்தால் 90 நாள் ஜூன் 13-ல் முடியும். நோட்டீஸில் வேலை பார்க்கும் நாளும் சர்வீஸ்தான், எனவே ஐந்து வருடம் நிறைந்து கிராஜுவிட்டி கிடைக்கும்: வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கில் 1.2 லட்சம் × 15/26 × 5, குறைந்தது சுமார் 3.46 லட்சம், வரி இல்லாமல். அவசரப்பட்டுப் போனால் இதுவும் கிடைக்காமல் போகலாம், நோட்டீஸ் பணமும் கையை விட்டுப் போகும். முன்கூட்டியே விடுவிக்கமாட்டோம் என்று ஹெச்ஆரிடம் மெயிலில் உறுதி வாங்கிவிட்டுக் கடிதம் கொடுங்கள். ஜூலை வரை ஆலை ஓடும், பாதி சீசனையாவது பார்த்துவிடலாம். முதலாளி அதற்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நாளைக்கு உங்கள் மற்ற முடிவுகளையும் அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசியுங்கள்.

எனக்கு உண்மையில் கவலையாக இருப்பது வேறு. மண்டிக்காரர், லாரிக்காரர், சீசனுக்கு வரும் கூலி ஆட்கள் என்று மனிதர்களோடு பேசியே நாள் போகும் வேலை இது. உங்களுக்கு ஒத்துவராமல் 41 வயதில் திரும்பக் கோடிங் இண்டர்வியூவில் உட்கார்ந்தால் பழைய சம்பளம் உடனே கிடைக்காது. அதனால் இஎம்ஐயோடு சேர்த்து ஒரு வருடச் செலவு எஃப்டியில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இருக்கிறதென்றால் தாராளமாகப் போங்கள்.

பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன்னில் (உங்கள் பிஎஃப் அடையாள எண்) புது இடத்துக்கு மாற்றுங்கள். கம்பெனி மெடிக்கல் கவர் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருப்பு வைப்பார்கள். அதனால் குடும்பத்துக்கு ஒரு பாலிசி, அப்பா அம்மாவுக்குத் தனியாக ஒன்று என்று ராஜினாமாவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.